சாம்பிள் ஷூ

"லாஸ் வேகஸுக்கு நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள் சோபனா மறுபடியும்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் வசந்த், ஒரு கண்காட்சிக்காக அங்கே போகிறான். அது முடிந்ததும் மனைவியோடு கிராண்ட் கேன்யன் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.

"சூதாட்ட ஊருன்னு யோசிக்கிறியா?"

"ஆடுறவங்க ஆடிட்டுப் போறாங்க. எனக்கு வெயில் ஆவாது."

"வேலூர்ல பொறந்துட்டு வெயில் ஆவாதுன்றியே."

அவள் சிரிக்கவில்லை. செல்போனில் கேன்யன் படங்களைப் பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அந்தப் பாறைப் பாதைக்கு நல்ல ஷூ வேண்டும். கடையில் போய்க் கேட்கத்தான் கூச்சம்.

அப்போது வசந்தின் கம்பெனியில் சாம்பிள் ரூமில் ஷூ தைக்கும் காசி அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு டப்பாவை நீட்டினார். "கண்காட்சி சாம்பிளோட உனக்கும் தெச்சேம்மா. மொதலாளி கிட்ட சொல்லிட்டேன்."

திறந்தாள். உள்ளே வலது கால் ஷூ மட்டும் இருந்தது.

"வெளிநாட்டுக்குக் காட்டுற சாம்பிள் எல்லாமே ஒத்தக் கால்தான்மா. எங்க ரூம்ல இன்னொண்ணு எங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. தேஞ்சா சொல்லு, பெருமாள் புண்ணியத்துல இன்னொண்ணு தெச்சித் தர்றேன்."

விபத்துக்குப் பிறகு, ஜோடியாக வாங்கி இடது கால் ஷூவைப் பரணில் போட்டே பழகியவள் சோபனா. லேஸை இறுக்கிக் கட்டினாள். ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஏங்க, கேன்யனுக்கு ஒரு நாள் பத்துமா?"