பலகைக்கு எடுத்த ஆரத்தி

மூன்றாவது டம்ளர் நன்னாரி சர்பத்தை ஹரிராம் குடித்திருக்கவே கூடாது.

வில்லாபுரத்தில் புதிதாய்த் திறந்த சூப்பர் மார்க்கெட்டில் அன்றைக்கு சர்பத் இலவசம். இலவசமாகக் குடித்தால் சர்க்கரை ஏறாது என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. உள்ளே ஏசியோ, கொடைக்கானலே போர்வை கேட்டு வந்து நிற்கும் குளிர். எழுபது தாண்டிய உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்?

பாத்ரூம் எங்கே என்று யாரையாவது கேட்க வேண்டும். திரும்பின பக்கமெல்லாம் பேத்தி வயதுப் பெண்கள்தான் சீருடையில் நின்றார்கள். அவர் மானஸ்தர். பலகைகளைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்வோம் என்று நடந்தார்.

பலகைகளா அவை!

முந்திரி, திராட்சைக்கு மேலே ‘வறட்சிப் பழங்கள்’. வெண்டைக்காய்க்கு மேலே ‘பெண்களின் விரல்கள், கிலோ நாற்பது’. வேறொரு நாளாக இருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பார். இன்றைக்குச் சிரித்தால் ஆபத்து.

மிச்சப் பலகைகள் பாதி இன்னும் மாட்டப்படாமல் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. அவருக்கு வேண்டியது மட்டும் எங்கேயும் இல்லை.

நடையை எட்டிப் போட்டார். அரிசி மூட்டைகளைத் தாண்டித் திரும்பினதும் ஒரு கூட்டம் அவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. எல்லாம் அவருடைய தெரு, அவருடைய சனம்.

“மாமா! நல்ல நேரத்துல வந்தீங்க. நம்ம எழுத்து மாமா, நம்ம சௌராஷ்டிர எழுத்து!” கிரிதரன் கையைப் பிடித்து இழுத்தான். தெருச் சங்கத்துச் செயலாளர் அவன்.

தூணில் ஒரு நீலப் பலகை. வெள்ளையில் சுழித்துச் சுழித்து எழுத்து. கீழே, மேல்நோக்கி ஓர் அம்பு.

தமிழ் இல்லை, இங்கிலீஷ் இல்லை, இந்தியும் இல்லை. அப்படியானால் மிச்சம் நம்முடையதுதான் என்று கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசி, எழுதுவதற்குத் தமிழை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்துவிட்டவர்கள். சொந்த எழுத்து எதிரே வந்து வணக்கம் சொன்னாலும் அடையாளம் தெரியாது. கண்ணீர் மட்டும் வந்துவிடும்.

எதிர்வீட்டு தேவிகா கடையிலேயே எடுத்த, விலைச் சீட்டுக்கூட உரிக்காத எவர்சில்வர் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துப் பலகைக்கு ஆரத்தி சுற்றி முடித்திருந்தாள். தூணுக்குப் பொட்டும் வைத்தாயிற்று.

“வாசிங்க பெரியப்பா. ஒங்கள விட்டா வேற யாருக்குத் தெரியும்?”

அதுதான் வினை. கல்யாணப் பத்திரிகைகளின் தலையில் அந்த எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருப்பார்கள். அதை வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, மணவறையே அதிர வாசிக்கிறவர் ஹரிராம். அதற்காகவே எல்லாக் கல்யாணத்திலும் அவருக்கு முதல் வரிசை நாற்காலி, முதல் பந்தி இலை.

உண்மையில் அவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. கேட்கிறவர்களுக்கும் தெரியாததால் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நழுவினால் நாற்காலி போகும். நின்றால் வேட்டி போகும்.

இருபது செல்போன்கள் அவர் முகத்துக்கு நேராக உயர்ந்தன.

ஹரிராம் கண்ணாடியை இறக்கினார். ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டார்.

“கடல் தாண்டி, காடு தாண்டி, பட்டு நூலைக் கையில பிடிச்சுக்கிட்டு மதுரைக்கு வந்த எங்க சொந்தங்களே! ஒங்க வாசம் பட்டு இந்தக் கடை மணக்கட்டும்! ஒங்க பிள்ளைங்க…”

நிறுத்தத்தான் நினைத்தார். கூட்டம் விடுவதாக இல்லை.

“இந்த அம்பு என்ன சொல்லுது மாமா?”

“நம்ம மொழி,” என்றார், நெற்றியில் வேர்வை பொங்க. “மேல, மேல, மேல போகணும்னு சொல்லுது!”

“பாருங்கய்யா, மொழின்னதும் மனுசனுக்கு ஒடம்பே ஆடுது!” என்றது ஒரு குரல். கைதட்டலில் மசாலாப் பொட்டலங்கள் அலமாரியிலிருந்து குதித்தன. கடைக்காரர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மேனேஜர் ஓடிவந்து, பணிவோடு, அவர் கையில் நான்காவது டம்ளர் சர்பத்தைக் கொடுத்தார்.

கூட்டத்தின் ஓரத்தில் மனைவி ராதாமணி, கூடையும் கையுமாக, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். பாவம், அழுகிறாள் என்று அந்த அவஸ்தையிலும் அவருக்குப் பெருமையாக இருந்தது.

அவள் வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள். முந்தானையை எடுத்தபோது முகத்தில் அழுகையே இல்லை.

“ஏங்க, அது நம்ம எழுத்து இல்ல. குஜராத்தி,” என்றாள் காதோரம். “ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி குஜராத்துலருந்து வந்தோம்னு கடைக்காரங்ககிட்ட எவனோ சொல்லியிருப்பான், அந்த ஊர்ப் பலகையையே அனுப்பிட்டாங்க. எங்கப்பா சூரத்துல ஜரிகைக் கடை வச்சிருந்தப்ப மூணாம் வகுப்பு வரைக்கும் நான் படிச்சது இதுதான்.”

ஹரிராம் சட்டென்று கிரிதரன் பக்கம் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை.

“அப்ப… அதுல என்னதான் எழுதியிருக்கு?”

ராதாமணி முதலில் அவர் கையிலிருந்த சர்பத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு அவர் தோளைப் பிடித்து, தூணுக்குப் பின்னாலிருந்த மாடிப்படிப் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

“ரெண்டே வார்த்தைதான். இப்ப ஒங்களுக்கு வேண்டியதுதான். ஓடுங்க!”

ஹரிராம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாய்த் தாவினார். கீழே அவருடைய சனம் முழுவதும், கிரிதரன் தலைமையில், ஆவேசமாகக் கோஷம் போட்டது:

“மேல! மேல! மேல!”