நைரீக்கு ஒரு நாற்காலி

"ஒரே ஒரு ஆள், ரேவின். பதினோரு வாரமா அதே ஒரு ஆள்" என்றாள் இமோஜன் ஃபோனில்.

ரேவினின் முதல் நாவலை வெளியிட்ட ஆக்லாந்து பதிப்பகத்தில் விளம்பர வேலை பார்ப்பவள் இமோஜன். ரேவின் இருப்பது நியூசிலாந்தின் டெ புகே என்ற சின்ன ஊரில். வயது ஐம்பத்தெட்டு. வாசகர்கள் வேண்டுமென்றால் எழுத்தாளர் ஃபேஸ்புக்கில் முகம் காட்ட வேண்டும் என்று ஆரம்பித்து வைத்தவளே இமோஜன்தான். வீட்டில் பூனை இருந்தால் அதைக் காட்டுங்கள், கூட்டம் தானாக வரும் என்றாள். ரேவின் வீட்டில் பூனை இல்லை. கணவர் மர்ரேதான் இருந்தார். அவரை ஒருமுறை காட்டியதில், பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள்.

அதன்பிறகு ரேவின் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். வியாழன்தோறும் மூன்று மணிக்கு நேரலையில் உட்கார்ந்து, நாவலை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்தாள். திரையின் மூலையில் பார்ப்பவர் எண்ணிக்கை ஒன்றில் தொடங்கி ஒன்றிலேயே முடியும்.

"கிவிப்பழ சீசன்ல ஊரே பழம் அடுக்கப் போயிருக்கு. உன் கதையைக் கேக்க யாரு மிச்சம் இருக்கா?" என்றார் மர்ரே. அவர் ஆறுதல் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

மிச்சம் இருந்த அந்த ஒருத்தியின் பெயர் நைரீ. முகப்பில் முகம் கிடையாது, ஒரு ரோஜாப்பூ படம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே எழுதுவாள். கொஞ்சம் உரக்கப் படிங்க. தபால்காரர் பாலத்துலேர்ந்து விழற இடத்தை இன்னொரு தடவை படிங்க, காதுல விழல. ஒருநாள், டீ நேரம் மாறிடுச்சு, அடுத்த வாரம் மூன்றரைக்கு ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டிருந்தாள்.

ரேவினுக்குப் புரிந்துவிட்டது. வயதானவள். காது மந்தம். மணியடித்தால் டீ கொடுக்கிற ஏதோ முதியோர் இல்லத்தில் தனியாக இருக்கிறாள். அன்றிலிருந்து மூன்றரைக்குத்தான் ஆரம்பித்தாள். தொண்டை கட்டினாலும் பரவாயில்லை என்று உரக்க, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

அதற்குப் பதில் அரை நிமிடத்தில் முடிகிற வேடிக்கை வீடியோ போடலாமே என்று இமோஜன் எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"ஒரு மனுஷி உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கா. நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போக முடியுமா?" என்றாள் ரேவின்.

அதன்பிறகு இமோஜன் சொன்னதில் ஒன்றை மட்டும் ரேவின் ஏற்றுக்கொண்டாள். கடைசி அத்தியாயத்தை வாசிக்கவில்லை. வேண்டுமென்பவர்கள் புத்தகம் வாங்கிப் படிக்கட்டும் என்பது இமோஜனின் கணக்கு.

இன்று இமோஜன் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. சனிக்கிழமை ஊர் நூலகத்தில் ரேவினின் வாசகர் கூட்டம். முப்பது பேராவது வராவிட்டால் இரண்டாவது நாவலை எடுப்பதில்லை என்று பதிப்பகம் முடிவு செய்துவிட்டதாம். ரேவின் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய இரண்டாவது நாவல் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

அப்போதும் அவளுக்கு முதலில் நைரீ ஞாபகம்தான் வந்தது. கூட்டத்துக்கு வரமுடியுமா, மர்ரேயைக் காரோடு அனுப்பட்டுமா என்று எழுதிக் கேட்டாள்.

'வண்டி இருக்கு. உட்கார இடம் இருக்குமா?' என்று உடனே பதில் வந்தது.

பாவம், நிற்க முடியாது போலிருக்கிறது என்று ரேவின் உருகிப்போனாள். நிச்சயம் இருக்கும் என்று எழுதினாள். நூலகத்தில் சொல்லி, கைப்பிடி வைத்த மெத்தை நாற்காலி ஒன்றை முன்வரிசையில் போடவைத்தாள். அதில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் தன் கம்பளிச் சட்டையையும் விரித்துவைத்தாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு நாற்பது நாற்காலிகளில் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் நாலு பேர் மர்ரே கூட்டிவந்த நண்பர்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆக்லாந்திலிருந்து வந்திருந்த இமோஜன் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

"நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன், ரேவின். மன்னிச்சுக்கங்க."

மெத்தை நாற்காலியும் காலியாகவே இருந்தது. நைரீயும் வரவில்லையே என்பதுதான் ரேவினுக்குக் கூடுதலாக வலித்தது. சரி, வந்தவர்களுக்காவது கடைசி அத்தியாயத்தை வாசிப்போம் என்று புத்தகத்தைத் திறந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு, ரப்பர் பூட்ஸும் தலையில் வலைத்தொப்பியுமாக ஓங்குதாங்கான பெண் ஒருத்தி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

"ஆரம்பிச்சிடலையே? நான் நைரீ" என்றாள்.

ரேவின் மெத்தை நாற்காலியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "நீங்களா? உங்களுக்குக் காது..."

"காது நல்லாத்தான் இருக்கு. பழம் ஓடுற பெல்ட்டு சத்தம்தான் தாங்காது. நாங்க பழம் அடுக்குற கூடத்துல எல்லார் ஃபோனையும் பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்க. மேற்பார்வைக்காரி என்கிட்ட மட்டும் ஒண்ணு இருக்கும், அதைத்தான் வியாழக்கிழமையானா ஒலிபெருக்கியில மாட்டிவிடுவேன். பாலத்துலேர்ந்து தபால்காரரைத் தள்ளிவிட்டது யாருன்னு தெரியாம இப்ப ஒருத்தருக்கும் வேலை ஓடல."

நைரீ திரும்பி, வாசலில் வரிசையாக வந்து நின்ற மூன்று பேருந்துகளைக் கைகாட்டினாள்.

"நூத்திப் பத்துப் பேரு. எல்லாருக்கும் உட்கார இடம் இருக்கும்ல?"