இரண்டாவது பட்டியல்

"என்ட கம்பியூட்டருக்கு மட்டும் இன்னொரு வீட்டுப் பட்டியல் திறந்து தா. ஒரே ஒரு பேர்தான் போடணும்."

"ஏலாது."

கேட்டவன் மசூர், சுனாமி வீடுகளைப் பகிர்ந்து கொடுக்கும் கல்முனை அலுவலகத்தின் பொறுப்பாளன். மறுத்தவள் ஜுனைதா, அங்கே புரோகிராம் எழுதுபவள். முன் கவுண்டரில் இருந்த கிளார்க் குணம் வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

"ஏன் ஏலாது? நீ எழுதின புரோகிராம்தானே?"

"நான் எழுதினதாலதான் ஏலாது. போன மாசம் என்ன நடந்த? ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு பட்டியல் தனித்தனியா உண்டாச்சி. ஒரே வீட்ட நிந்தவூராளுக்கும் குடுத்து, பாண்டிருப்பாளுக்கும் குடுத்தம். ரெண்டு குடும்பமும் ஒரே வாசல்ல நிண்டு சண்டை. மறந்துட்டீங்களா?"

"அதுக்கு?"

"அதுக்குத்தான் இப்ப சிங்கிள்டன். பட்டியல் கிளாஸ் எண்டா ஒரு அச்சு மாதிரி; அதில ஒரே ஒரு ஒப்ஜெக்ட், ஒரே ஒரு பட்டியல்தான் வரும். புதுசா உண்டாக்கிற கன்ஸ்ட்ரக்டர பிரைவேட்டாக்கி உள்ளுக்கால பூட்டிட்டன். எந்தக் கவுண்டர் கேட்டாலும், நீங்களே கேட்டாலும், இருக்கிற அந்த ஒண்டுதான் வரும். புதுப் பேர் கடைசியிலதான் சேரும்."

மசூர் அந்தப் பேர் எழுதியிருந்த கடதாசித் துண்டை மேசையில் ஓங்கி வைத்தான். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கடைசி எண்டா ரெண்டு வருசம் போகும். வீடு இல்லாட்டி இந்தப் புள்ளைட கலியாணம் நிண்டுபோகும். மாப்பிள்ளைட உம்மா ஒத்தக் கால்ல நிக்கிறா. நம்மட ஊர்ல பொண்ணுக்கு வீடில்லாம யாரு கலியாணம் முடிச்சி வைப்பா?"

"நிண்டுபோகட்டும்!"

குணம் திடுக்கிட்டுத் திரும்பினான். என்ன நெஞ்சழுத்தம் இந்தப் பிள்ளைக்கு!

"இருநூத்திப் பன்னிரண்டு குடும்பம் தகரக் கொட்டில்ல வெந்துகொண்டு கிடக்கு. அதுகளத் தாண்டிப் போக இவளுக்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு? என்னை வேலையால நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்க. பூட்டத் திறக்க மாட்டன். அந்த மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லுங்க, துணிவிருந்தா கொட்டிலுக்கு வரட்டும். இல்லாட்டி வீடிருக்கிற பொண்ணாப் பார்க்கட்டும்."

அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனாலும் தலை குனியவில்லை.

மசூர் துண்டை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டான்.

"சரி ஜுனைதா, என்ட உம்மாக்கிட்ட நான் கதைக்கிறன். வாற வெள்ளிக்கிழமை உங்கட கொட்டிலுக்கே மாப்பிள்ளையா வாறன்."