வாசல் கேமரா

மாலை ஐந்தே காலிலிருந்து எதிர்வீட்டு தீபிகாவின் மூன்று வயது மகளைக் காணவில்லை. சிதம்பரத்தில் அந்தத் தெருவே வினோதினியின் புதுவீட்டு வாசலில் கூடிவிட்டது.

"அழாத தீபிகா. இவுங்க வீட்டுல நாலு கேமரா. எறும்பு போனாக்கூடத் தெரியும்னு கிரகப்பிரவேசத்தன்னைக்கே சொன்னாங்களே!" என்றார் பக்கத்துவீட்டு கோவிந்தசாமி.

வினோதினி கணவனை உள்ளே இழுத்தாள்.

"சொல்லிடலாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"தெருவே சிரிக்கும்டி. பேசாம இரு."

அதற்குள் தீபிகா உள்ளேயே வந்துவிட்டாள். இனி மறைக்க முடியாது.

"தீபிகா, அது நாலும் வெறும் பிளாஸ்டிக் கூடு. அழகுக்கு மாட்டினது. சிவப்பு லைட் மட்டுந்தான் எரியும்."

தீபிகா அவளையே பார்த்தாள்.

"அந்தக் கேமரா இருக்குன்ற தைரியத்துலதானே அக்கா, பிள்ளைய உங்க வாசல்ல தனியா வெளையாட விட்டேன்?"