மிளகு ஃபோல்டரைக் காணோம்

"ஓசியில வந்த லினக்ஸ்னா இப்படித்தான் பல்லிளிக்கும், கண்ணு!" என்றார் கொல்லிமலை மிளகு சங்கச் செயலாளர் குணசேகரன். பக்கத்து அறைக் கம்ப்யூட்டர் பகிரும் மிளகு ஃபோல்டர், இலவச லினக்ஸ் மென்பொருளில் ஓடும் இந்தக் கம்ப்யூட்டரில் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் அதிலுள்ள விவரத்தை அனுப்பாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

கம்ப்யூட்டரைச் சரிபார்க்க முள்ளுக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த வித்யாஸ்ரீ, ஒயர், பாஸ்வேர்டு எல்லாம் பார்த்தாள். "இதுல கோளாறே இல்லீங்க. அந்தக் கம்ப்யூட்டரப் பார்க்கலாங்களா?"

"அது காசு குடுத்து வாங்குனது. அதுல என்ன கோளாறு வரும்?" என்று இளக்காரமாகச் சிரித்தபடி கதவைத் திறந்தார்.

உள்ளே கம்ப்யூட்டர் சந்தனம், குங்குமம், மாலையோடு வீற்றிருந்தது. பிளக் பிடுங்கப்பட்டிருந்தது. அதை மாட்டப் போனாள்.

"தொடாத கண்ணு! ஆயுத பூசைக்கு வெச்சிருக்குது. நாளைக்குத்தான் எடுக்கோணும்!"

"அப்ப லினக்ஸ் பெட்டிய ஏனுங்க வெக்கல?"

"ஓசியில வந்ததுக்கெல்லாமா பொட்டு வெப்பாங்க?"