தோட்டம் பார்த்த அறை

"கடல் பார்த்த அறை முந்நூத்திப் பத்து டாலர், சார். நீச்சல்குளம் பார்த்தது இருநூத்தி எழுபது."

எவர்ட்டன் கடல் பக்கம் திரும்பவேயில்லை. பிறந்த நாளிலிருந்து அதே கடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். காசு கொடுத்துப் பார்க்க அதில் புதிதாக என்ன இருக்கிறது?

"பின்பக்கம் ஒரு அறை இருக்குமே. தரைத்தளத்துல, அந்தச் சீமைப்பலா மரத்துக்கு எதிர்ல. பன்னிரண்டாம் நம்பர்."

வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள். சட்டையில் ஷெர்னெட் என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள்.

"அது சமையல்கட்டுக்குப் பின்னாடி, சார். நாள் பூரா எண்ணெய்ப் புகை. குப்பை வண்டியும் அங்கதான் வந்து நிக்கும்."

"பரவாயில்ல. அதான் வேணும்."

"இருநூறு. ஆனா அது தோட்டம் பார்த்த அறை. அதுக்கு நாப்பது டாலர் கூட ஆகும்."

தோட்டமாம். அங்கே இருப்பது ஒரே ஒரு மரம். அதை நட்டது இந்த விடுதிக்காரன் இல்லை. மதில் எழுப்பும்போது வெட்ட மறந்துவிட்டான், அவ்வளவுதான்.

அவள் ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். சேவைக் கட்டணம். கடற்கரைப் பராமரிப்பு. பணப்பெட்டி வாடகை, திறந்தாலும் திறக்காவிட்டாலும். துண்டுக்கு முன்பணம். அவள் தலைக்கு மேலே சுவரில் பொன்னிற எழுத்தில், ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது: எல்லாம் அடங்கிய கட்டணம்.

எவர்ட்டனுக்கு வாயெல்லாம் கசந்தது. துப்ப வேண்டும் போல இருந்தது. அதற்கும் ஏதாவது கட்டணம் வைத்திருப்பார்கள்.

நேற்று விடுதி வாசலோடு திரும்பிப் போனவன் அவன். காவலாளி அவனோடு பள்ளியில் படித்தவன்தான். இருந்தும் தெரியாதவன் மாதிரி, "அறை எடுத்தவங்கதான் உள்ள போகலாம்" என்றான். வீட்டுக்குப் போனால் மனைவி மார்வலின், குழந்தையை மடியில் போட்டபடி, "வேலையை முடிக்காம இந்தப் படி ஏறாத" என்று சொல்லிவிட்டாள். காலையில் இரண்டு ஆடுகளை விற்றான். கல் லாரி ஓட்டுகிறவனுக்கு இந்த மாதிரி இடத்தில் ஓர் இரவு தங்க வேறு வழி இல்லை.

பணத்தை எண்ணி வைத்தான். ஷெர்னெட் அவன் கையைப் பிடித்து நீலப் பட்டை ஒன்றை மாட்டி, கழற்ற முடியாதபடி அழுத்தினாள். விற்ற ஆடுகளின் காதில்கூட அவன் இப்படி எதையும் மாட்டியதில்லை.

சில்லறையைச் சட்டைப் பையில் போடும்போது தீப்பெட்டி மேசையில் விழுந்தது. பதறிப்போய் எடுத்தான். ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

"அறைக்குள்ள புகைபிடிச்சா இருநூறு டாலர் அபராதம், சார்."

"நான் புகைபிடிக்கிறவன் இல்ல."

அவள் தீப்பெட்டியைப் பார்த்தாள். அதைச் சுற்றி வரிந்து கட்டியிருந்த வெள்ளை நூலைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து ஏதோ எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

உள்ளங்கை நீளத்தில் ஒரு சின்ன மண்வெட்டி. கைப்பிடியில் விடுதியின் முத்திரை. பக்கத்தில் விலைச்சீட்டு.

"அந்த மண்ணு கல்லாட்டம் கெடக்கு. காப்பி ஸ்பூனை வச்சுத் தோண்டி, எல்லாத்தையும் வளைச்சுப் போட்டுட்டுப் போறாங்க. அதனால இதை விக்கச் சொல்லியிருக்காங்க. பதினஞ்சு டாலர்."

எவர்ட்டன் தீப்பெட்டியைக் கைக்குள் மூடிக்கொண்டான். அப்படியானால் இவர்களுக்குத் தெரியும்.

தீப்பெட்டிக்குள் இருந்தது அவன் மகளின் தொப்புள்கொடி. விழுந்து ஆறு நாளாகிறது. அவனுடையதும் அவன் அப்பனுடையதும் அந்த மரத்தடியில்தான் இருக்கின்றன. மதில் வருவதற்கு முன் அங்கே இருந்த ஆறு வீட்டுப் பிள்ளைகளுடையதும் அப்படியே. கொடி புதைத்த இடம்தான் அவர்களுக்குச் சொந்த இடம். அது இல்லாத பிள்ளைக்கு எங்கேயும் கால் தரிக்காது.

அது தெரிந்துதான் அந்த நாற்பது டாலர். அது தெரிந்துதான் மரத்தையும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

விடுதிக்காரன் எதிரில் இல்லை. இவள்தான் இருந்தாள். இவளும் இந்த ஊர்க்காரிதான். பேச்சே சொல்கிறது.

"ஒரு பச்சப்புள்ள கொடியில காசு பாக்குறீங்க. இதைச் சாப்பிட்டா உங்களுக்குச் செரிக்குமா?"

ஷெர்னெட் சுற்றும் முற்றும் பார்த்தாள். கூரையில் இருந்த கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். இப்போது அந்த 'சார்' எல்லாம் போய்விட்டது.

"என்னை ஏன்ணே மொறைக்கிறீங்க? மதிலுக்கு முன்னால அங்க இருந்த ஆறு வீட்டுல கடைசி வீடு என் புருஷனோடது. சும்மா போய்ப் புதைச்சிருந்தா வேலை போயிருக்கும். போன மாசம் என் பையனுக்காக நானும் அந்தப் பன்னிரண்டாம் நம்பரைத்தான் எடுத்தேன். ஒரு டாலர் குறைக்கல, மண்வெட்டிக்குக்கூட."