பேஸ் பத்தல

மலிவு ஹெட்போனைப் பிரித்து, பஞ்சு வைத்து, ஓட்டையில் டேப் ஒட்டி நல்ல சத்தம் வரவைப்பது என் பைத்தியம். கேட்டுச் சொல்வது மனைவி. அவள் கேட்கும்போது வீட்டில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. அது என் சட்டம்.

இன்றும் வேலைவிட்டு வந்தவள், ஹெட்போனை மாட்டி, சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

பாட்டு முடியும் நேரத்தில் ஒரு பக்கத்தை விலக்கினேன். "எப்படி இருக்கு?"

"பேஸ் பத்தலைங்க."

"நேத்து அதிகம்னியே!"

"நாளைக்குச் சரியாயிடும்." கண் திறக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

சலிப்போடு வயரைச் சுருட்டினேன். அது போனில் செருகப்படவே இல்லை. அதன் முனை அவள் உள்ளங்கைக்குள் பத்திரமாக இருந்தது.

சமையலறையிலிருந்து அம்மா அவளைக் கூப்பிட்டாள்.

"கூப்பிடாதேம்மா," என்றேன். "இன்னும் கேட்டு முடிக்கல."